சட்டைப் பையில் குக்கர் வெயிட்

தில்மான் புன் என்பவர் அடுப்பு மூட்டும் கூடாரத்தோடு மலைக்குப் போனவர்கள் யாரும் பட்டினி கிடந்ததில்லை. நிம்மதியாக இருந்ததும் இல்லை. நான் வழிகாட்டி, அவர் தலைமைச் சமையல்காரர். பல பருவங்கள் ஒன்றாகப் போயிருக்கிறோம். "இந்தப் பிரிவுல இடது பக்கம் போகணும்" என்று நான் சொன்னால், எதிரே வரும் கோவேறு கழுதைக்காரனிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வார். அவனும் இடது பக்கம் என்றால், "ரெண்டு பேரும் பேசி வச்சிருக்காங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே இடது பக்கம் வருவார்.

மலை உச்சிக்குப் பக்கத்தில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது, அரிசியும் அரைவேக்காட்டோடு முறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் குக்கரின் வெயிட் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அங்கே ராஜா. தில்மான் அண்ணன் அதைச் சட்டையின் மேல் பையில் போட்டு, பையின் வாயை ஒரு ஊக்கால் குத்தி வைத்திருப்பார். குளிக்கும்போதுகூட அதைச் சோப்பு டப்பாவுக்குள் போட்டுக் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொள்வார் என்று சுமைதூக்கிகள் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. ஆனால் நம்புகிறேன்.

அவருடைய டப்பாக்கள் இன்னொரு கூத்து. உப்பு என்று எழுதிய டப்பாவில் சர்க்கரை இருக்கும். சர்க்கரை என்றால் உப்பு. மிளகாய்த்தூள் என்ற எழுத்துக்குக் கீழே டீத்தூள். வேறு யாராவது அடுப்பைப் பிடித்தால் ஒரு வேளைச் சமையலிலேயே அவன் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. உதவிச் சமையல்காரர்கள் ஒரு பருவத்துக்கு மேல் அவரிடம் தங்கியதில்லை.

இருபது வயதில் முஸ்தாங் பக்கம் மண்ணெண்ணெய் சுமந்து போனபோது, அப்போதைய சமையல்காரன் பாதியை வழியில் விற்றுவிட்டு, பழியை இவர் தலையில் கட்டிவிட்டானாம். அன்றிலிருந்துதான் இப்படி என்பார். கதை உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க ஆரம்பித்தால் எனக்கும் அந்தப் புத்தி ஒட்டிக்கொண்டது என்று ஆகிவிடும்.

போன வசந்த காலத்தில் எங்களோடு மலையேற வந்த விருந்தினர்களில் மூன்று பேருக்கு வழியில் வயிறு கெட்டது. தண்ணீரா, சாப்பாடா என்று யாருக்கும் தெரியாது. காத்மாண்டு திரும்பியதும் முதலாளி பிஷ்ணு எல்லோர் முன்னாலும் சொன்னார்: "தில்மான், இன்னொரு புகார் வந்துச்சுன்னா அடுப்புக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன். இப்பவே சொல்லிட்டேன்." ஐம்பது தாண்டிய மனிதர். இந்த வேலையை விட்டால் வேறு வேலை தெரியாது. அதைவிட, இந்த வேலையை விட்டால் அவர் யார் என்று அவருக்கே தெரியாது. அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

மழைக்காலம் முடிந்து டோல்பா பயணம் வந்தது. நான்கு நார்வேக்காரர்கள். போக்சுண்டோ ஏரி வரை நடந்து, அதற்கும் மேலே போக வேண்டும். பிஷ்ணு இந்த முறை இரண்டாவது சமையல்காரன் என்று ஒருவனைச் சேர்த்துவிட்டார். பெயர் டேக்ராஜ் ரோக்காயா, ஜும்லாக்காரன், முப்பத்தைந்து வயதிருக்கும். கத்தாரில் பெரிய ஹோட்டல் சமையலறையில் இருந்துவிட்டுத் திரும்பியவன்.

"கத்தார்ல குளுகுளு அறையில கோழி வறுத்தவன் எதுக்கு இங்க வந்து என் உருளைக்கிழங்கை உரிக்கணும்? சொல்லு தங்கச்சி" என்றார் தில்மான் அண்ணன்.

"அவன்கிட்டயே கேளுங்கண்ணே."

"கேட்டேன். 'அங்க ரொம்ப வெயிலு அண்ணே'ன்னான். வெயிலுக்குப் பயந்து ஒருத்தன் வேலையை விடுவானா? பிஷ்ணுவோட ஆளு. என் அடுப்புல உக்கார வந்திருக்கான்."

அந்தச் சந்தேகத்தில் பாதி உண்மை இருந்திருக்கலாம். பிஷ்ணு காரணமில்லாமல் ஒரு ஆளுக்குக் கூலி கொடுக்கிறவர் அல்ல.

விருந்தினர்கள் காத்மாண்டுவிலிருந்து நேபாள்கஞ்ச் வரை விமானத்தில் வருவார்கள். நாங்கள் சாமான்களோடு பஸ்ஸில் போய், அங்கே அவர்களைச் சேர்ந்துகொண்டு, எல்லோரும் சின்ன விமானத்தில் டோல்பாவில் இருக்கும் ஜூஃபாலுக்குப் போக வேண்டும். பஸ் கிளம்ப வேண்டிய நாள் சனிக்கிழமையாகப் போய்விட்டது. சனிக்கிழமை வீட்டை விட்டுக் கிளம்பக்கூடாது, செவ்வாய்க்கிழமை வீடு திரும்பக்கூடாது. நார்வேக்காரர்களுக்கு இது எங்கே தெரியப் போகிறது! அதற்கென்று ஒரு வழி இருக்கிறதே. என் மாமியார் வெள்ளிக்கிழமை காலையிலேயே என் பழைய துணி ஒன்றில் அரிசி, பாக்கு, காசு வைத்து முடிந்து, பக்கத்து டீக்கடையில் கொடுத்து வைத்துவிட்டாள். போகிறவரின் துணி ஒன்றோடு முன்கூட்டியே கிளம்பும் அந்த முடிச்சுதான் பரஸ்தானம். நல்ல நேரத்தில் என் பரஸ்தானம் வெளியே போய்விட்டது. கணக்குப்படி நானும் கிளம்பியாகிவிட்டது. என் பரஸ்தானம் டீக்கடையில் உட்கார்ந்திருக்க, நான் வீட்டில் சாவகாசமாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க பரஸ்தானம் வச்சீங்களாண்ணே?" என்று பஸ் நிலையத்தில் கேட்டேன்.

"எங்க வைக்கறது? பக்கத்து வீட்டுக்காரன் கையில குடுக்கவா? அதை அவிழ்த்து என்ன பண்ணுவான், எதைக் கலப்பான், யாரு கண்டா? கோமா கெஞ்சினா. வைக்கவே கூடாதுன்னு சொல்லிட்டேன்."

கோமா அவர் மனைவி. பெற்ற பிள்ளைகளிடம்கூட இல்லாத பொறுமையை இந்த மனிதரிடம் காட்டுகிறவள். பரஸ்தானம் வைக்காமல் சனிக்கிழமையில் கால் எடுத்து வைத்துவிட்டோமே என்ற பயம் அண்ணனுக்கு உள்ளுக்குள் இருந்தது. பஸ் படியில் வலது காலை வைத்து, இறக்கி, மறுபடி வைத்து ஏறினார்.

குக்கரை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். டேக்ராஜுக்கு எங்களுக்கு முன் இருக்கை. மற்ற சாமான்களும் சமையல் கூடைகளும் பஸ்ஸின் கூரைமேல் இருந்தன. தான்கோட் மேட்டைத் தாண்டி இறங்கியதுமே பின்னால் யாரோ வாந்தி எடுக்க ஆரம்பித்தார்கள். அண்ணனுக்கு இருமல். நெஞ்சுச் சளி அவரை மழைக்காலத்தில் பிடித்தால் தை மாதம்தான் விடும்.

"ஒத்தைச் சாக்ஸைக் காணோம் தங்கச்சி" என்றார் இருமலுக்கு நடுவே.

"என்னது?"

"சாம்பல் கலர் கம்பளி சாக்ஸ். மூணு ஜோடி. அதுல ஒரு சாக்ஸ் மட்டும் இல்ல. முழு ஜோடியும் போயிருந்தா தொலைஞ்சுதுன்னு சொல்லலாம். ஒத்தையை எவன் எடுப்பான்? ஏதோ செய்வினை வைக்கறவன்தான் எடுப்பான்."

"கொடியில இருந்து விழுந்திருக்கும்ணே."

"உனக்கு எல்லாமே விழுந்திருக்கும். காணாமப் போறதுங்கறதே உன் உலகத்துல கிடையாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். தாழ்ந்த குரல் என்று அவர் நினைத்துக்கொண்டாரே தவிர, அது மூன்று வரிசைக்குக் கேட்டிருக்கும். "இன்னொண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. வியாழக்கிழமை கோமா வீட்டுக்குப் பின்னாடி நின்னு போன்ல குசுகுசுன்னு பேசிட்டிருந்தா. நான் வந்ததும் வச்சிட்டா. இன்னிக்கு பிஷ்ணுவோட கோடவுன்காரன் சொல்றான், 'நேத்து அண்ணி வந்திருந்தாங்களே, பாக்கலையா?'ன்னு. எதுக்கு வந்தா? யாரைப் பாக்க வந்தா? கோடவுன்ல நேத்து யாரு இருந்தது?"

"யாரு இருந்தது?"

அவர் முன் இருக்கையில் தெரிந்த டேக்ராஜின் பிடரியைப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. "வாயைக் கழுவுங்கண்ணே. அண்ணியைப் பத்தி இப்படிப் பேசறீங்களே, நாக்கு கூசலையா?" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டேக்ராஜின் பிடரி அசையவே இல்லை. தூங்குகிறான் என்று நினைத்தேன்.

சாப்பாட்டுக்கு வண்டி நின்றது. பருப்பும் சோறும் வந்ததும் அண்ணன் முதலில் கடைக்காரனின் பாத்திரத்தை முகர்ந்து பார்த்தார், பிறகு சாப்பிட்டார். டேக்ராஜ் உட்காரவே இல்லை. பஸ்ஸின் பின் ஏணியில் ஏறிக் கூரைக்குப் போனான். கூடைகளில் ஒன்றை மட்டும் நகர்த்தி, அதற்கு அடியில் ஒரு சாக்கை மடித்து வைத்து, கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினான்.

அண்ணன் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. "பாத்தியா? பாத்தியா? அந்தக் கூடையை மட்டும் எதுக்குத் தொடறான்?"

"கயிறு தளர்ந்திருக்கும்."

"இருந்த கூடை நாலு. கயிறு எல்லாத்துக்கும்தான் இருக்கு. அவன் அந்தக் கூடையை மட்டும் தொட்டான்."

டேக்ராஜ் வந்து எதிரே உட்கார்ந்து கை நிறையச் சோறு பிசைந்தான். "அண்ணே, ஊறுகாய் எடுத்துக்குங்க" என்று கிண்ணத்தை நகர்த்தினான். அண்ணன் அவன் முதலில் தொட்டுச் சாப்பிடும் வரை காத்திருந்தார்.

நேபாள்கஞ்சில் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது, புழுக்கம் சாயவில்லை. கூலியாள் ஒருவன் கூரையிலிருந்து அந்தக் கூடையை இறக்கித் தரையில் வைக்கப் போனான். டேக்ராஜ் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டான். "கீழ வைக்காத, கீழ வைக்காத" என்றபடி கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு, விடுதி வரை தானே சுமந்து நடந்தான். அறைக்குள்ளும் அதைக் கட்டில்மேல்தான் வைத்தான். தில்மான் அண்ணன் என் கையை இடித்தார். இந்தத் தடவை எனக்கும் கொஞ்சம் உறுத்தியது. பொய் சொல்வானேன், உறுத்தியது.

மறுநாள் விடிந்ததும் விமான நிலையம் போனோம். ஜூஃபால் விமானங்கள் காலையில் மட்டும்தான் பறக்கும். வெயில் ஏறினால் பள்ளத்தாக்கில் காற்று எழும்பிவிடும். நார்வேக்காரர்கள் நால்வரும் புத்தம் புது நடைக்காலணிகளோடு வந்து சிரித்துக்கொண்டு நின்றார்கள். அங்கே மூட்டைகளை மட்டுமல்ல, ஆட்களையும் எடைபோட்டுத்தான் ஏற்றுவார்கள். அண்ணன் எடை மேடையில் ஏறி, முள்ளைக் குனிந்து பார்த்து, "போன வருஷத்தை விட ரெண்டு கிலோ கூடக் காட்டுது. இந்த மிஷின்ல எதையோ பண்ணி வச்சிருக்காங்க" என்றார். எடை பார்த்தவன் கொட்டாவி விட்டான்.

அப்போதுதான் சோதனை மேசையிலிருந்து குரல் வந்தது. "இந்தக் கூடை யாருது?"

மீசை வைத்த ஹவில்தார் எங்கள் சமையல் கூடையை அவிழ்த்து, உருளைக்கிழங்குக்கும் முட்டைக்கோசுக்கும் நடுவிலிருந்து ஒரு சிவப்புத் துணி முடிச்சை எடுத்து வைத்திருந்தார். பார்த்ததுமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பரஸ்தானம்.

"யாரோட பரஸ்தானம்ப்பா இது?" என்று கேட்டுக்கொண்டே ஹவில்தார் அவிழ்த்தார். மஞ்சள் அரிசி, பாக்கு, ஒரு ரூபாய்க் காசு. கூடவே மடித்த துணி ஒன்று. அதற்குள் ஒரு காகிதப் பொட்டலம். பொட்டலத்தில் பழுப்பு நிறத்தில் நைசான பொடி. ஹவில்தாரின் முகம் மாறியது.

"கூடை எங்க குழுவோடது சார். முடிச்சு யாருதுன்னு தெரியல" என்றேன் நான். என்னுடையது டீக்கடையிலிருந்து வாங்கி என் தோள் பையில் இருந்தது.

ஹவில்தார் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அந்த மேசைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. எடை மேடையில் நின்றபடியே சொன்னார்: "என்னது இல்ல சார். நான் பரஸ்தானமே வைக்கறதில்ல. இந்தத் தங்கச்சியைக் கேளுங்க. பசுபதிநாதர் மேல ஆணையா என்னது இல்ல. அந்தக் கூடையைக் கட்டினது இவன். நேத்து பூரா அதையே சுத்திச் சுத்தி வந்தவனும் இவன்தான்." விரல் டேக்ராஜை நோக்கி நீண்டது.

"நீயா கட்டினது?"

"ஆமா சார், கட்டினது நான்தான்."

"முடிச்சு?"

"என்னது இல்ல சார்."

"அப்ப யாருது?"

டேக்ராஜ் அண்ணனை ஒரு கணம் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "தெரியாது சார்."

ஹவில்தார் பொடியை முகர்ந்தார். "சுக்குன்னு என் மூக்கு சொல்லுது. ஆனா என் மூக்கு சொன்னா செல்லாது, சொந்தக்காரன் சொல்லணும். தன்னோட பரஸ்தானத்தையே என்னது இல்லங்கறவனை நான் பாத்ததே இல்ல. கிளம்பும்போதே சகுனம் கெட்டுப்போகாதா? அப்படியும் ஒருத்தன் மறைக்கறான்னா, பொடியில ஏதோ இருக்கு." டேக்ராஜின் தோளைத் தட்டினார். "நீ இங்கயே உக்காரு. இன்ஸ்பெக்டர் பத்து மணிக்கு வருவாரு."

நான் கெஞ்சிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். கத்தியது வீண். கெஞ்சியதும் வீண்தான். எங்கள் விமானம் வந்து நின்றுவிட்டது. டேக்ராஜை விட்டுவிட்டு மற்றவர்கள் போவது, அவன் கிடைத்த விமானத்தில் பின்னால் வருவது என்று முடிவு செய்தேன். அண்ணன் சாப்பிட்டு முடித்தவர் போல நெஞ்சைத் தடவிக்கொண்டார். ஏதோ பாட்டைக்கூட முணுமுணுத்தார். அப்போது அவரைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

காத்திருக்கும் கூடத்துக்கு அந்த மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். எனக்கு முன்னால் அண்ணன் போனார். மேசை அருகே ஒரு நொடி நின்றார், பிறகு வேகமாக நடந்துவிட்டார். கூடத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குக்கர் மடியில் இருந்தது. பிறகு கால்சட்டையைக் கணுக்கால் வரை தூக்கிவிட்டுக் காலணியைக் கழற்றினார். சாம்பல் நிறக் கம்பளி சாக்ஸ். குதிகாலில் சிவப்பு நூலால் ஒட்டுத் தையல்.

"தங்கச்சி, துணி எந்தக் கலரா இருந்தாலும் கோமா சிவப்பு நூல்லதான் தைப்பா."

எனக்குப் புரியவில்லை. பிறகு, பொட்டலத்தைச் சுற்றியிருந்த மடித்த துணி நினைவுக்கு வந்தது. அது துணி அல்ல, ஒத்தைச் சாக்ஸ்.

"என் இருமலுக்குத்தான் சுக்கையும் ஓமத்தையும் இடிச்சு வச்சிருக்கா" என்றார். "யார் கையிலயும் குடுக்க நான் விடமாட்டேன்னு, என் கூடையிலயே கொண்டு வந்து வச்சிருக்கா."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"பிஷ்ணு சொன்னது உனக்குத் தெரியும்ல? இன்னொரு புகார் வந்தா அடுப்பு போச்சு. நான் போய் அந்த மேசையில உக்காந்தா விமானம் எனக்காக நிக்குமா?"

நிற்காது. அது இருவருக்கும் தெரியும். அவர் பேசாமல் என்னோடு ஏறியிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. பொடி சுக்கு என்று பத்து மணிக்குத் தெரியும், டேக்ராஜை விட்டுவிடுவார்கள், அவன் நாளையோ மறுநாளோ வந்து சேர்வான். அடுப்பு அண்ணனுடையதாகவே இருக்கும். ஜூஃபால் பயணிகள் வரலாம் என்று கதவருகே ஒருவன் கூவினான். எல்லோரும் எழுந்தோம். அண்ணனும் எழுந்தார். எழுந்து, நாங்கள் போகும் கதவுக்கு எதிர்ப்பக்கமாக நடந்தார்.

நான் பின்னால் ஓடினேன். அவர் சோதனை மேசைக்கு முன்னால் நின்று, "சார், அந்த முடிச்சு என்னது. அந்தச் சாக்ஸுக்கு ஜோடி இதோ என் கால்ல இருக்கு" என்று காலைத் தூக்கிக் காட்டினார்.

ஹவில்தார் சாக்ஸையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்பதானே பசுபதிநாதர் மேல ஆணை வச்சே?"

"வச்சேன்."

"அவர்கிட்ட நீ பேசிக்கோ. ஆனா எங்க இன்ஸ்பெக்டர்கிட்டயும் பேசணும். ஆணையா இல்லன்னவன் இப்ப ஆமாங்கறே. உன்னை நான் எப்படி விடறது? நீ உக்காரு. தம்பி, நீ போ."

டேக்ராஜ் போகவில்லை. அண்ணன் அவனைப் பார்த்து, "உனக்குத் தெரியுமா இது யாருதுன்னு?" என்றார்.

"தெரியும்ணே. அண்ணி வெள்ளிக்கிழமை கோடவுனுக்கு வந்து குடுத்தாங்க. தரையில படாமக் கொண்டுபோய்ச் சேத்துரு, அவருக்கு மட்டும் தெரிய வேணாம், தெரிஞ்சா தூக்கிப் போட்டுருவாருன்னாங்க."

"போலீஸ் கேக்கும்போது சொல்ல வேண்டியதுதானே, மடையா?"

"எப்படிண்ணே சொல்றது? பஸ்ல நீங்க பேசினது என் காதுல விழுந்துச்சு. அண்ணி எதுக்கு வந்தா, யாரைப் பாக்க வந்தான்னு. என் கையிலதான் குடுத்தாங்கன்னு நான் சொல்லியிருந்தா, நீங்க வேற மாதிரி நெனச்சிருப்பீங்க. ஒரு நாள் இங்க உக்காந்துட்டா எனக்கென்ன குறைஞ்சிடும்?"

தில்மான் அண்ணன் அவசர அவசரமாகச் சட்டைப் பையில் இருந்த ஊக்கைக் கழற்றி, வெயிட்டை எடுத்து, டேக்ராஜின் உள்ளங்கையில் வைத்து அவன் விரல்களை மடக்கிவிட்டார்.

"திரும்பி வந்ததும் என் கையில குடு. வேற எவன்கிட்டயும் குடுக்காத."

குக்கரையும் கொடுத்தார். நாங்கள் கதவைத் தாண்டி ஓடும்போது விமானத்தின் விசிறி சுழல ஆரம்பித்திருந்தது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஹவில்தார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அண்ணன் தொண்டை கிழியக் கத்தினார்.

"டேய்! உப்புன்னு எழுதினது சர்க்கரை! சர்க்கரைன்னு இருக்கறதுதான் உப்பு! கேக்குதா? மிளகாய்த்தூள் டீத்தூள்! சீரகம்னு இருக்கற டப்பாவுல மிளகாய்! மஞ்சள் மட்டும் மஞ்சளேதான்!"

விசிறிச் சத்தத்தில் மிச்சம் கேட்கவில்லை. இருமல்தான் கேட்டது. நார்வேக்காரர்களில் ஒரு பெண்மணி, "அவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள். "உங்களுக்கு நல்லபடியாகச் சமைக்கச் சொல்கிறார்" என்றேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புழுதி என்று சொல்லிச் சமாளித்தேன்.

மலைகளுக்கு நடுவே விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நுழைந்தபோது டேக்ராஜ் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். ஒரு கை சட்டைப் பையை அழுத்திக்கொண்டிருந்தது. ஜூஃபாலில் இறங்கியதும் பிஷ்ணுவிடமிருந்து போன் வந்தது. போலீஸ் கதை அவர் காதுக்கு எட்டிவிட்டது. "தில்மான் வீட்டுக்குப் போகட்டும். இனிமே டேக்ராஜ் பாத்துக்குவான்" என்றார். இனிமே என்றால் எதுவரை என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

முதல் முகாமில் டேக்ராஜ் சர்க்கரை என்று எழுதிய டப்பாவைத் திறந்து, ஒரு பிடி அள்ளிப் பருப்பில் போடப் போனான். நான் "இரு இரு" என்று அவன் கையைத் தடுத்து, விரலை நனைத்துத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"என்னக்கா?" என்றான்.

"ஒண்ணுமில்ல. உப்புதான். போடு."

ஒவ்வொரு டப்பாவாகப் பார்த்தேன். அண்ணன் ஒன்றில்கூடப் பொய் சொல்லவில்லை.

டேக்ராஜின் சமையல் நன்றாக இருந்தது. அதை நான் சொல்லியாக வேண்டும். நார்வேக்காரர்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். யாருக்கும் வயிறு கெடவில்லை. ஊருக்குத் திரும்பியதும் பிஷ்ணு அடுத்த பருவத்துக்கான தலைமைச் சமையல்காரன் டேக்ராஜ்தான் என்று அறிவித்தார். தில்மான் அண்ணனை இன்ஸ்பெக்டர் அன்றே சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாராம். பிஷ்ணு சொன்னதை மீறி எங்கள் பின்னால் வரலாம் என்றாலும் ஜூஃபால் பக்கம் தொடர்ந்து மேகம், விமானம் பறக்கவில்லை. மனிதர் வீடு திரும்பப் பஸ் ஏறும்போதும் செவ்வாய்க்கிழமை ஊர் போய்ச் சேரும்படி ஆகிவிடக் கூடாது என்று நேபாள்கஞ்ச் புழுக்கத்தில் கூடுதலாக ஒரு நாள் கிடந்துவிட்டு வந்திருக்கிறார்.

நானும் டேக்ராஜும் வெயிட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். கோமா அண்ணி எங்களுக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். டேக்ராஜின் தட்டில் மட்டும் பிஸ்கட்டைக் கூடுதலாக வைத்தாள். அண்ணனின் கழுத்தில் அந்தச் சிவப்புத் துணி சுற்றியிருந்தது. இருமல் குறைந்திருந்தது.

டேக்ராஜ் வெயிட்டை இரண்டு கையாலும் நீட்டினான். அண்ணன் வாங்கினார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கவிழ்த்து, அடியில் நகத்தால் தடவிப் பார்த்தார். அங்கே ஆணியால் அவர் கீறி வைத்த அடையாளம் ஒன்று இருந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் எனக்கே தெரியாது.

"மாத்தலையே?" என்றார்.

"இல்லண்ணே. அதேதான்."

"ம். அதேதான்."

பிஷ்ணு அறிவித்தது அவருக்கு முன்னாலேயே தெரியும் என்று அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. வெயிட்டைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து டேக்ராஜின் மேல் பைக்குள் அதைப் போட்டார்.

"வெறும் பையில போட்டு வைக்காத. அடுப்புக்கு மேல குனியும்போது விழுந்துரும்" என்றார். தன் சட்டையிலிருந்து ஊக்கைக் கழற்றி, அந்தப் பையின் வாயைத் தானே குத்திவிட்டார். இரண்டாம் தடவைதான் சரியாகக் குத்த முடிந்தது.